எதிர்த் தட்டு

“ஒரு வாய் சோறு உள்ள எறங்க மாட்டேங்கு டாக்டர். தட்டு முன்னால உக்காருவா, பெசைவா, அப்படியே எந்திச்சுப் போயிருவா. காலேஜ் போற பிள்ள, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு, பாருங்க.”

சொல்லிக்கொண்டே யூனிஸ் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். வளையல் முழங்கை வரை ஓடியது. வெளியே பாளையங்கோட்டை சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருக்க, இவள் டாக்டர் அறையின் ஏ.சி. தாங்காமல் முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

மகள் பெர்லின் பக்கத்து நாற்காலியில் தலை குனிந்து இருந்தாள். கன்னம் அப்படியொன்றும் ஒட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் பெற்றவள் கண்ணுக்கு எந்தப் பிள்ளைதான் சதை போட்டிருக்கிறது? இந்த டாக்டரை விசாரித்துக் கண்டுபிடித்ததே பெர்லின்தான். அம்மா கூட வந்தால்தான் வருவேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டாள்.

டாக்டர் விஜயஸ்ரீ ஏ.சி.யைக் குறைத்தார். “எவ்வளவு நாளா இப்படி?”

“ரெண்டு மாசம் இருக்கும். இவ அப்பா தவறி ரெண்டு வருசமாச்சு. அப்பக்கூட இவ சாப்பாட்டை விடல. நான் என்ன கொறை வச்சேன்? சொதி வைக்கேன், மீன் வறுக்கேன். அக்கம்பக்கமெல்லாம் வாங்கித் தின்னுட்டு என் கைப்பக்குவத்தைப் புகழுதாங்க. இவ மட்டும் தொட மாட்டேங்கா.”

“நீங்க சமைச்சதை நீங்க சாப்பிடுதீங்களாம்மா?”

“நான் உபவாச ஜெபத்துல இருக்கவ டாக்டர். அது வேற.”

அது வேறதான். கணவர் ஹெப்ரான் இருந்தவரை வெள்ளிக்கிழமை மட்டும் இருந்த உபவாசம், அவர் போன பிறகு புதனுக்கும் நீண்டது. யூனிஸக்காவைப் போல யாரால் இருக்க முடியும் என்று சபையே மெச்சியது. அந்தப் பேச்சைக் கேட்க அவளுக்கும் பிடித்திருந்தது.

“இதை அடம்னு நெனைக்காதீங்க,” என்றார் டாக்டர். “வயிறு காலியானா பசியைச் சொல்லுத ஹார்மோன் ஒண்ணு மூளைக்குப் போகும். இந்த நோயில அது கூடத்தான் செய்யும், கொறையாது. வயிறு கத்திக்கிட்டேதான் கெடக்கும். ஆனா மூளையில ருசிக்கு உள்ள பாதையும் பயத்துக்கு உள்ள பாதையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கிடும். சோத்தைப் பாத்தாப் பயம் வரும். பட்டினி கெடந்தா மனசு லேசாகி ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிக்காகவே மறுபடி பட்டினி கெடக்கத் தோணும். அப்படியே விட்டா ஒருநாள் இருதயம் நின்னுரும்.”

அவர் மகளைப் பார்க்காமல் தன்னையே பார்த்துப் பேசியது யூனிஸுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. தாயிடம்தானே சொல்ல வேண்டும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

“என் பிள்ள பிழைச்சுக்கிடுவாளா டாக்டர்? எனக்கு இவ ஒருத்திதான்.”

“பிழைக்கணும்னுதானே ரெண்டு பேரும் வந்திருக்கீங்க. ரெண்டு பேருக்குமே எடையும் ரத்தமும் பாத்துருவோம். மத்தபடி சோறுதான் மருந்து. மூணு வேளையும் எதிரெதிரே ரெண்டு தட்டு வைங்க. நீங்க ஒரு வாய் வச்சா அவ ஒரு வாய் வைப்பா. நீங்க நிறுத்துனா அவளும் நிறுத்திருவா. கொஞ்சமா ஆரம்பிச்சு, பையப் பையக் கூட்டுவோம். வாராவாரம் என்ட்ட வரணும்.”

“எனக்கு உபவாசம் இருக்கே…”

பெர்லின் நிமிர்ந்தாள். “நான் வேணுமாம்மா, உபவாசம் வேணுமா?”



அன்று மத்தியானமே யூனிஸ் இரண்டு தட்டு வைத்தாள். சோறும் சொதியும் மணத்தன. தட்டைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எதிரே மகள் ஒரு கவளத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அம்மா வாயையே பார்த்திருந்தாள். யூனிஸ் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பெர்லினும் விழுங்கினாள்.

சில நாள் பாதியிலேயே அழுகை வந்துவிடும். “போதும் பிள்ள, என்னால முடியல.”

“அப்ப எனக்கும் போதும்,” என்று பெர்லின் கையை உதறுவாள்.

உடனே யூனிஸ் அடுத்த கவளத்தை எடுப்பாள். மகளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம், தட்டைக் கண்டு வரும் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. வாராவாரம் டாக்டரிடமும் போனார்கள். சபையில் யாரோ உபவாசத்தைப் பற்றி விசாரித்தபோது, “பிள்ளைக்குச் சொகமாகட்டும், பொறவு பாப்போம்,” என்று சொல்லிவிட்டாள்.

ஆனி பிறந்து குற்றாலச் சாரல் திருநெல்வேலி வரை எட்டிப் பார்த்த ஒரு காலையில், டாக்டர் எதிரே இருவரும் மறுபடி உட்கார்ந்திருந்தார்கள். யூனிஸின் வளையல் மணிக்கட்டோடு நின்றது. முந்தானை போர்த்தவில்லை.

“முத மாதிரி இல்ல டாக்டர், இப்ப நல்லாச் சாப்பிடுதா,” என்றாள் பெருமையாக. “ஏட்டி, செருப்பக் கழத்திட்டு மெஷின்ல ஏறு.”

பெர்லின் எழுந்திருக்கவில்லை. டாக்டர், “நீங்க ஏறுங்கம்மா,” என்றார்.

யூனிஸ் ஏறினாள். முள்ளைக் குனிந்து பார்த்த டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெர்லினைப் பார்த்துத் தலையாட்டினார். “கூடியிருக்கும்மா. ரத்தமும் தேறிட்டு. இனி பயமில்ல.”

“எனக்கு என்ன பயம் டாக்டர்? நோய் அவளுக்குல்லா?”

பெர்லின் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். “எனக்கு ஒரு நோயும் கெடையாதும்மா, காலேஜ் கேன்டீன்ல வயிறு நெறையத் தின்னுட்டு வந்துதான் வீட்டுல பட்டினி கெடந்தேன்… உனக்குன்னு கூப்பிட்டா நீ இந்த வாசலை மிதிச்சிருக்க மாட்டே.”