எட்டு மணிக் கதை

"தொடர் நாடகம் பார்க்கிற மனுசனோட மூளை வாரத்துக்கு ஒரு கிராம் கரையுதுப்பா. இது என் சொந்தக் கருத்து இல்ல. உலகத்துக்கே தெரிஞ்ச உண்மை."

யுகேந்திரன் இதைச் சிரிக்காமல்தான் சொன்னான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உலகத்துக்கே தெரிந்த உண்மைகள் அவனிடம் வாரத்துக்கு நான்கைந்தாவது சேர்ந்துவிடும்.

"அப்ப எனக்கு இந்நேரம் ஒண்ணும் மிச்சம் இருக்காது லா" என்றார் அப்பா ராஜு. ரிமோட் அவர் மடியை விட்டு அசையவில்லை.

மணி ஏழே முக்கால். எட்டு மணிக்கு அவருக்குத் தொடர், அவனுக்குப் பந்தாட்டம். புந்தோங்கில் இருந்த அந்த வீட்டில் டிவி ஒன்றுதான்.

"பாக்குறதக் கூட மன்னிச்சிடலாம்ப்பா. பாத்துட்டு, எட்டரைக்கு அம்மாகிட்ட போன்ல அதையே கைய ஆட்டி ஆட்டிச் சொல்றீங்க பாருங்க, அதான் தாங்கல. போன்ல கை தெரியுமா?"

"கை ஆடலன்னா கதை வராதுடா."

அம்மா குமுதாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். மூன்று மணிக்கே கிளம்பிவிடுவாள். அவள் திரும்பும்போது அப்பா தூங்கியிருப்பார். விடியுமுன் அவர் தொழிலாளர் வேனை எடுக்கும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஞாயிறு தவிர மற்ற நாளில் இருவரும் பேசிக்கொள்வதெல்லாம் அவளுடைய ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில், அந்த எட்டரை மணிப் போனில்தான்.

"வேல எடத்துல அவளுக்கு டிவி ஏது? கைப்பேசியில பாத்தா தல வலிக்குதாம். நான் சொன்னாத்தான் உண்டு. தோட்டத்துலயே அப்படித்தானே."

இனித் தோட்டக் கதை வரும் என்று யுகேந்திரனுக்குத் தெரியும். அதற்குள் அப்பா சுங்கை சிப்புட் பக்கம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்ட அந்த ரப்பர் தோட்டத்துக்கே போய்விட்டார். மாதம் ஒருமுறை பாடாங் திடலில் இரண்டு கம்பு நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். குமுதாவின் அப்பா கண்டிப்பானவர். பெண்பிள்ளையைப் படத்துக்கு விடமாட்டார். மறுநாள் ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் வாளியோடு வரிசையில் நிற்கும்போது, ராஜு அவளுக்கு முழுப் படத்தையும் சொல்லுவார். ஒரு சண்டைக் காட்சியில் அவருடைய பால் வாளியே கவிழ்ந்திருக்கிறது.

"படமே பாக்காத பொண்ணுடா, பாவம். ஒரு தடவ கேக்குது, 'ஏங்க, அந்தக் கதாநாயகன் ஏன் இடது கையால சோறு திங்கிறான்?'னு. எவனோ தப்பாச் சொல்லியிருக்கான். அப்புறம் நான்தான் சரியாச் சொல்லிப் புரிய வச்சேன்."

சொல்லும்போதே முப்பது வயது குறைந்த மாதிரி இருந்தார். அப்போதுதான் போன் வந்தது. முதலாளி. கோப்பெங்கில் வேறொரு வேன் நின்றுவிட்டதாம். ஆட்களை ஏற்றி வர வேண்டுமாம்.

அப்பா எழுந்து ரிமோட்டை நீட்டினார். "டேய், இன்னிக்கு ஒரு நாள் நீ பாருடா. தொடர்ல அந்த மாமியாரோட பெட்டிய இன்னிக்குத்தான் திறக்குறாங்க. ஒரு வாரமா அம்மா அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கு. உனக்குக் கூப்பிடச் சொல்றேன்."

"கதை சொல்றது பச்சப் புள்ளைங்களத் தூங்க வைக்கிற வேலப்பா. எனக்கு வராது."

அப்பா வேன் சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, வாசலில் நின்று டிவியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டு மணிக்குப் பந்தாட்டம் தொடங்கியது. மூன்று நிமிடம் யாரும் கோல் போடவில்லை. மூளை எப்படித்தான் கரைகிறது என்று நேரில் பார்த்துவிடலாமே என்று, வெறும் ஆராய்ச்சிக்காக, யுகேந்திரன் சேனலை மாற்றினான். அதன்பிறகு பந்து அவன் நினைவுக்கு வரவில்லை.

எட்டரைக்குப் போன் அடித்தது.

"அப்பா கோப்பெங் போயிட்டாராமே? அப்ப இன்னிக்குக் கதை இல்லியாய்யா?" அம்மாவின் குரல் சட்டென்று இறங்கியது.

"இல்லம்மா... தண்ணி குடிக்க அந்தப் பக்கம் போனேன். கொஞ்சம் கண்ணுல பட்டுச்சு."

"கண்ணுல பட்டதச் சொல்லு லா!"

நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆரம்பித்தான். மூன்றாவது வாக்கியத்தில் எழுந்துவிட்டான்.

"வெளிய ஒரே இடி. மருமக அடி மேல அடி வச்சு வாரா. மாமியார் தூங்குற மாதிரி நடிக்குதும்மா, ஒரு கண்ணு மட்டும் திறந்திருக்கு. சாவிய உள்ள விட்டு, இப்படித் திருப்புறா..." போனைப் பிடிக்காத கை காற்றில் பூட்டைத் திறந்தது. "பெட்டி திறக்குது. உள்ள என்ன தெரியுமா?"

"ஐயோ, என்னய்யா? சீக்கிரம் சொல்லு!"

அவன் வாயைத் திறப்பதற்குள், அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குரல் கேட்டது. "என்னக்கா, உள்ள பழைய செருப்புதானே இருந்துச்சு? இப்பத்தானே கேண்டீன் டிவியில சேந்து பாத்தோம்? மறுபடி யாருகிட்ட கேக்குறீங்க?"

தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. "அம்மா... தினமும் அங்கயே பாத்துடுறீங்களா?"

"அப்பாகிட்ட சொல்லிடாதய்யா" என்றாள் அம்மா மெதுவாக. "தோட்டத்துலயும் அப்படித்தான். யாருக்கும் தெரியாம, திரைக்குப் பின்னால இருட்டுல நின்னு முழுப் படமும் பாத்துடுவேன். பின்னாலேருந்து பாத்தா எல்லாரும் இடது கையாலதான் சாப்பிடுவாங்க. அத விடு. பெட்டிக்குள்ள என்னய்யா இருந்துச்சு?"

யுகேந்திரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அப்பாவைப் போலவே கையை அகல விரித்தான். "சொன்னா நம்பமாட்டீங்கம்மா..."