சாம்பிராணி போட்ட காலை

அவள் தணலில் இன்னும் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுக் கூடையைக் கவிழ்த்தாள்.

கூடையின் கண்களிலிருந்து புகை சோம்பலாகக் கிளம்பியது. காற்று படக் கூடாதென்று ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. குளிப்பாட்டிய குழந்தையை மடியில் போட்டபடி தங்கை மேகலை கண்ணை மூடியிருந்தாள். எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல மெதுவாக இருந்தது.

தொப்புள்கொடி நேற்றுதான் விழுந்தது.

இந்த அறைக்குள் வர அக்காவான அவளுக்கு மட்டும்தான் அனுமதி. கண்டக்டர் வேலை பார்க்கும் தகப்பன்கூட வாசலில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறான். மேகலையின் மாமியாருக்கோ தெருவிலிருந்தே கொஞ்சல்.

அவளுக்குத்தான் கொரோனா வந்து போய்விட்டதே!

அம்மை மாதிரிதானாம். ஒருதரம் வந்தால் மறுபடி எட்டிப் பார்க்காதாம். யார் சொன்னது? எல்லோரும்தான். தெருவே சொன்ன பிறகு டாக்டரை வேறு கேட்பார்களா? நோய் வந்ததற்காக ஒருத்தி பெருமைப்பட்டாள் என்றால் அது அவள்தான்.

மேகலை இருமினாள்.

"போதும்க்கா. வாசம் மூக்கைத் துளைக்குது."

வாசமா?

அவள் கூடையின் மேல் குனிந்தாள். மூச்சை ஆழ இழுத்தாள்.

கண் எரிந்தது. அவ்வளவுதான்.

சாம்பிராணி டப்பாவைத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். வெறும் காற்று.

போன முறையும் இப்படித்தான் ஆரம்பித்தது. கொதிக்கிற ரசம் வாசமில்லாமல் வெறும் வெந்நீராக இருந்தது அன்றைக்கு.



மேகலை குழந்தையை நீட்டினாள். ஈரத் தலை. மூடிய குட்டிக் கை. வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் தவித்தது.

வாங்கவில்லை. புடவைத் தலைப்பை மூக்கோடு வாயோடு அழுத்திக்கொண்டு பின்னோக்கியே நடந்தாள். வாசல் தாண்டிய பிறகுதான் குரல் வந்தது.

"ஜன்னலையெல்லாம் திறடி! என் பின்னால வராதே!"

தங்கையை அவள் இப்படி அதட்டியதே இல்லை. மேகலை நீட்டிய கை நீட்டியபடி இருந்தாள். குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது.

நேற்று சாயங்காலம் அது அவள் நெஞ்சின் மேல்தான் தூங்கியது. அவள் கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொண்டு.

தெருவில் நல்ல வெயில். அவள் அசையாமல் நின்றாள். ஒவ்வொரு வீறலுக்கும் நடுவில் அது திணறாமல் மூச்சு இழுக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள்.

அழு கண்ணே. நன்றாக அழு.