ஏழும் இரண்டும்

வர்ஜில் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாரல் அதைக் கவனித்தான். இரண்டு வருடமாக எண்ணெய் வயலில் நிற்கும் இந்த ட்ரெய்லர் அறைக்குள் தினமும் காலையில் அவரோடு போக்கர் ஆடுகிறான். நல்ல சீட்டு வந்தால் மனிதர் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். கை எங்கேயும் போகாது.

"என்னடா பாக்குற? என் மூஞ்சியிலயா சீட்டு ஒட்டியிருக்கு?"

"ஆமா பெருசு. ஒரு கிழட்டு ராணி தெரியுது."

டெக்ஸஸ் வெயில் ஏழு மணிக்கே தகரக் கூரையைச் சுட்டது. ஜன்னலுக்கு வெளியே, ஐம்பது கஜம் தள்ளி, மேட்டில் நான்கு எண்ணெய்த் தொட்டிகள். தினமும் ஒருவன் ஏணியில் ஏறி, மூடிகளைத் திறந்து, எண்ணெய் எவ்வளவு என்று அளக்க வேண்டும். திறந்ததும் உள்ளே அடைபட்ட விஷவாயு முகத்தில் அடிக்கும். போன மாதம் பக்கத்து எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்த ஆர்லன் தொட்டி மூடியருகே உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தான். முகமூடி கொஞ்சம் நழுவியிருந்தது, அவ்வளவுதான்.

இங்கே இருப்பது ஒரே முகமூடி. இன்னொன்று பழுதுபார்க்கப் போய் மூன்று வாரம் ஆகிறது. இருப்பதை விஷவாயுவைக் காட்டும் மானியோடு சேர்த்து ஏணியடியில் மாட்டி வைத்திருப்பார்கள். ஒருவன்தான் ஏற முடியும். அது யார் என்பதைச் சீட்டு முடிவு செய்யும்.

பந்தயம் பணமில்லை, ஏணி ஏறும் காலைகள். இன்றைய காலை முதலிலேயே மேஜையில் இருக்கும். எதிராளி நாளைய காலையையும் ஏற்றும்போது நீ சீட்டைக் கவிழ்த்து விலகினால் அதுவரை வைத்ததோடு போகும். ஒத்துக்கொண்டு, சீட்டைக் காட்டித் தோற்றால் ஏற்றியதெல்லாம் உன் தலையில்.

டாரலின் கையில் இஸ்பேட் ஏழு, டைமன் இரண்டு. சீட்டுக்கட்டிலேயே இதைவிட மோசமான கை கிடையாது. மேஜையில் இருவருக்கும் பொதுவாக விரித்த ஐந்து சீட்டும் கைகொடுக்கவில்லை. ராஜா, ஜாக்கி, ஒன்பது, நாலு, மூணு.

"நாளைக்கும் சேத்து," என்று சொல்லிவிட்டு வர்ஜில் இருமினார்.

ஷானாவுக்கு வியாழக்கிழமை பிரசவம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று திங்கள். குழந்தையைக் கையில் வாங்கும்வரை அந்த ஏணியில் கால் வைப்பதில்லை என்று டாரல் அவள் வயிற்றின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

கவிழ்த்தால் இன்றே ஏற வேண்டும். ஒத்துக்கொண்டால் இந்தக் குப்பையைக் காட்ட வேண்டும், நாளையும் ஏற வேண்டும். மிச்சமிருந்தது ஒன்றுதான். கிழவர் பயந்து கவிழ்க்கிற அளவுக்கு ஏற்றுவது.

தலை விண்விண்ணென்று தெறித்தது. பொய்யாட்டம் ஆடும்போது அவனுக்கு எப்போதும் படபடக்கும். காபியை ஒரு வாய் குடித்தான். வாசமே இல்லாமல் வெந்நீர் மாதிரி இறங்கியது.

வர்ஜில் நெற்றியை அழுத்திக்கொண்டார். கண் சிவந்திருந்தது. கையில் ஒன்றுமில்லை கிழவருக்கு என்று டாரல் முடிவு செய்தான்.

"ஒரு வாரம்," என்றான். "முழுசா."

"பைத்தியமாடா ஒனக்கு? வியாழக்கிழமை அப்பனாகப் போறவன் பேசுற பேச்சா?"

"பயமா இருந்தா கவுத்துடு பெருசு."

"வாய் மட்டும் இல்லேன்னா ஒன்ன நரி தூக்கிட்டுப் போயிருக்கும்." வர்ஜில் தன் இரண்டு சீட்டையும் வெகுநேரம் பார்த்தார். "ஷானா எப்படி இருக்கா?"

"மொதல்ல சீட்டப் பாரு. அவள அப்புறம் விசாரி."

வர்ஜில் சீட்டைக் கவிழ்த்தார்.

"போ. இன்னிக்கும் நாளைக்கும் நானே ஏறித் தொலைக்கிறேன். பையன் பொறந்தா தயவுசெஞ்சு என் பேர வச்சுடாத."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். டாரலுக்குச் சிரிப்பு வந்தது. அது இருமலாகத்தான் வெளியே வந்தது. ஜன்னல் வழியாக அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவதைப் பார்த்தான். வியாழன்வரை இன்னும் ஒரு காலைதான் பாக்கி. அதையும் எப்படியாவது தாண்டிவிடலாம்.

கவிழ்த்த சீட்டைப் புரட்டிப் பார்ப்பது போக்கரில் கேவலம். பார்க்க ஆசைப்பட்டால் ஒத்துக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் புரட்டினான்.

இரண்டு ராஜா. மேஜையில் கிடந்ததோடு மூன்று.

வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கிறார். அப்புறம் ஒரு சந்தேகம் மெதுவாக, மிக மெதுவாக வந்தது. மூன்று ராஜா வைத்திருந்தவர் எதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்?

வாக்கிடாக்கி கரகரத்தது.

"டேய், முகமூடிய மாட்டுனதும் தலைவலி போன எடம் தெரியல. மொத மூடியத் தொறந்துட்டேன். மானி ஒண்ணும் பெருசாக் காட்டல. இன்னிக்குத் தொட்டி சாதுவா இருக்கு."

பதில் சொல்ல டாரல் வாக்கிடாக்கியை எடுக்கப் போனான். விரல் மடங்கவில்லை. மேஜையில் ராஜாக்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள்.

மேலே வர்ஜில் அடுத்த மூடிக்குப் போகாமல் இந்தப் பக்கம் திரும்பி நின்றார். ட்ரெய்லருக்குப் பின்னால், எண்ணெய்க் குழாய் போகும் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாரல், வெளிய ஓடியா... ஒன் ட்ரெய்லரச் சுத்திக் குருவியெல்லாம் செத்துக் கெடக்குடா."