எட்டிலேயே நின்றவன்

கணினி விளையாட்டில் சண்டை போட்டால்தான் மேலே ஏறலாம் என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. பூமி தட்டை என்று நம்பியதற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த பெரும்பிழை இதுதான் என்பது பல் டாக்டரம்மாவின் தீர்மானமான கருத்து.

“ஒரு கொசுவைக்கூடக் கொல்லாம முப்பதாவது லெவல் வரைக்கும் போனவடி நான்,” என்றாள் மகளிடம்.

பிழைப்புக்குப் பல் பிடுங்குகிறவள் இப்படிச் சொன்னால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் அது உண்மை.

“நான் கேட்டது ஹாஸ்டலா, மாமா வீடான்னு. நீ எங்கேயோ போறியே.”

மகளுக்கு வெளியூரில் கல்லூரி கிடைத்திருந்தது. டாக்டரம்மாவின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், அதே ஊரில்தான் மனைவியோடு இருந்தான். மகளுக்கு மாமா வீட்டில் தங்க ஆசை. ஹாஸ்டலில் இடம் வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

“அங்கேதான் வர்றேன். உங்க மாமா மூணு வருஷமா எட்டாவது லெவல்லயே நின்னான். ஒண்ணையும் உருப்படியா முடிக்கத் தெரியாது. அவனை நம்பி ஒரு பொண்ணை எப்படி விடறது?”

“அது விளையாட்டும்மா.”

“விளையும் பயிர் முளையிலே தெரியும்.”

அக்கா, தம்பி இருவரும் பள்ளியில் படித்த காலம் அது. தெருமுனை பிரவுசிங் சென்டரில் பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். எழுத்து தேய்ந்த கீபோர்டு. ஒரு காதில் மட்டும் பேசும் ஹெட்போன். நேரம் முடிந்தால் தடுப்பை விரலால் தட்டும் சென்டர்காரர்.

அந்த விளையாட்டில் மேலே ஏற இரண்டு வழி. ஊரார் கொடுக்கும் வேலைகளைச் செய்யலாம். இல்லாவிட்டால் எதிர்ப்படும் மிருகங்களை வெட்டலாம். இரண்டுக்கும் பாயிண்ட் உண்டு. ஆனால் ஆயுதம் தொடாதவருக்கு லெவல்தான் உயரும். பலம் ஏறாது, உடம்பு முதல் நாள் உடம்புதான்.

அக்கா வேலை செய்தாள். தொலைந்த மோதிரம் தேடினாள், மூலிகை பறித்தாள், கோபித்துக்கொண்டு போன மாமியாரை மருமகளிடம் கொண்டுவந்து சேர்த்தாள். எல்லாவற்றுக்கும் ஊர் எல்லைப் பாலத்தைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். தம்பியோ அந்தப் பாலத்தை விட்டு நகரமாட்டான். கோடாலியும் கையுமாக ஓநாய் வெட்டுவதே தொழில்.

அவள் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

“டேய், நான் இருபது ஆயிட்டேன். நீ?”

“எட்டுக்கா.”

“வெக்கமா இல்ல?”

“எனக்கு இந்த ஓநாய்ங்களே போதும்க்கா.”

அவள் வைத்த ‘ஓநாய்’ என்ற பெயர் அவன் கல்யாணத்தில் மணப்பெண் காதுவரை போய்ச் சேர்ந்தது.

இப்போது அந்தப் பழைய விளையாட்டையே மறுபடி திறந்திருக்கிறார்கள். எல்லோரும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். உழைப்பின் பெருமையை மகளுக்கு நிரூபிக்க, சனிக்கிழமை மதியம் கிளினிக்கைச் சாத்திவிட்டு டாக்டரம்மா உட்கார்ந்தாள்.

முதல் வேலை சுலபம். பாலத்துக்கு அப்பால் இருக்கும் மாவுமில்லில் எலித்தொல்லை. மில்காரருக்கு ஒரு பூனையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

பாலத்தில் கால் வைத்ததுமே ஓநாய்கள் வந்தன, கூட்டமாக. பூனையும் கையுமாகச் செத்தாள். எழுந்து மறுபடி போனாள். மறுபடி செத்தாள்.

“பூனை பாவம்மா,” என்றாள் மகள்.

டாக்டரம்மா தம்பிக்குப் போன் போட்டாள். அவன் ஏதோ லிஃப்ட் குழிக்குள் இருந்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“டேய் ஓநாய், நம்ம பழைய விளையாட்டு மறுபடி வந்திருக்குடா. ஆனா பாலத்துல ஓநாயை எக்கச்சக்கமா கூட்டிட்டாங்க. அப்பல்லாம் நான் பாட்டுக்குக் கையை வீசிட்டுப் போவேன்.”

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“கூட்டியிருப்பாங்கக்கா. இப்ப எல்லாத்தையும்தான் கூட்டிடறாங்க. நீ மறுபடி எப்ப போவே?”

“நாளைக்குச் சாயங்காலம்.”

போனை வைத்ததும் மகள் சொன்னாள். “பழைய விளையாட்டுல ஒரு புல்லைக்கூட மாத்தலைன்னு போட்டிருக்காங்களேம்மா.”

“போடறதெல்லாம் நிஜமா?”

ஞாயிறு மாலை பாலத்தில் ஒரு ஓநாய்கூட இல்லை. பூனை வாலைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போய்ச் சேர்ந்தது.

“பாத்தியா? பொறுமையா போனா எதுவும் கடிக்காது.”

மகளின் கண் வேறு இடத்தில் இருந்தது. பாலத்தடியில் கோடாலியோடு யாரோ ஒருவன் நின்றிருந்தான். சுற்றிலும் செத்த ஓநாய்கள். மகள் மவுஸை வாங்கி, விவரம் பார்க்க அவன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு ஓர் ஓநாயின்மேல் ஒரு தட்டு.

“அம்மா, இந்த ஆள் எட்டாவது லெவல். எட்டு வந்தவங்களுக்கு ஓநாயைக் கொன்னா ஒரு பாயிண்டும் கிடையாதாம். அப்புறம் எதுக்கு இங்கேயே நின்னு வெட்டிட்டிருக்காரு?”

டாக்டரம்மா மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மில்காரர் அடுத்த வேலையைக் கொடுத்தார். மாவு மூட்டையை ஊருக்குள் கொண்டுபோக வேண்டும். மறுபடி அதே பாலம். அவள் பாலத்துக்கு நடுவே வந்து நின்றாள். கீழே கோடாலிக்காரன் அவளைப் பார்க்காதவன்போல முதுகைத் திருப்பிக்கொண்டு, புதிதாக வந்த ஓர் ஓநாயின் பின்னால் ஓடினான்.

திங்கட்கிழமை காலை, முதல் நோயாளியை வாயைத் திறந்தபடியே உட்காரவைத்துவிட்டு, டாக்டரம்மா ஹாஸ்டலுக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொன்னாள்.