விலை ஏறட்டும்

மரகதம் மாடித் தொட்டிகளில் வளர்த்த தக்காளி, ஃப்ரீசர் நிறையக் கல்லாகக் கிடந்தது. அதை எப்போது எடுக்கலாம் என்று அவள் கணவர் தனுஷ்கோடிதான் சொல்ல வேண்டும். கடையில் கிலோ இருபதுக்கு விற்கும்போது வீட்டுத் தக்காளியைத் தின்பது நஷ்டமாம். "வெல ஏறட்டும், எடுப்போம்" என்று கடைத் தக்காளியையே வாங்கி வந்தார். விலை எண்பதானது. அவள் ஆசையாக ஃப்ரீசரைத் திறந்தாள். "இரு, நூறத் தொட்டுரும்" என்று கதவைச் சாத்தினார். எண்பது கொடுத்து வாங்கவும் அவருக்கு மனம் வரவில்லை. பதினோரு நாள் வீட்டில் வெறும் புளிக்குழம்பு. பன்னிரண்டாம் நாள் விலை இருபத்தைந்துக்கு இறங்கியது.

"பாத்தியா, நல்லவேள நாம அவசரப்படல" என்றபடி சாப்பிட உட்கார்ந்தார்.

மரகதம் ஒரு பை நிறைய உறைந்த தக்காளியை அவர் தட்டில் கொட்டினாள். கூழாங்கற்களைக் கொட்டியதுபோல் சத்தம் கேட்டது.

"சோறு எங்கடி?"

"அரிசி இப்ப சல்லிசா விக்கிதுங்க. வெல ஏறட்டும், வடிக்கிறேன்."

அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். அவருடைய கழுவிய கை தட்டுக்கு மேலேயே நின்றது. ஒரு தக்காளியின் தோல் மெல்ல வெடித்தது.