காற்றில்லாத விசிறி

"மேலெல்லாம் கொதிக்குதுங்க. இப்படியே விட்டா பொழைக்காது" என்றார் தேயிலைத் தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கர் றோலண்ட், தொட்ட கையை உதறிக்கொண்டு.

விஜிதரனுக்கு அழுகையே வந்துவிட்டது. காலையிலிருந்து மூன்றாவது தடவையாக மயங்கி விழுந்திருந்தது அவனுடைய லேப்டாப்.

பாவம், அதற்குக் கொடுத்த வேலை அப்படி. கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்றடிக்கும் கிழட்டு விசிறியை அங்குலம் அங்குலமாக அளந்து, கம்ப்யூட்டருக்குள் அதே இறக்கைகளைச் சுழலவிட்டு, சுற்றிலும் காற்று எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போடச் சொல்லியிருந்தான்.

"பழசுல காத்து இல்லைன்னு காட்டுங்க, புதுசு வாங்குறேன்" என்று தோட்டத்து மேனேஜரான பெரிய துரை வாக்குக் கொடுத்திருந்தார். இந்த ஒரு விசிறியையாவது விற்காவிட்டால் கொழும்புக் கம்பெனி விஜிதரனை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

"இந்த ரூமுல வச்சா அப்படித்தான். பக்கத்துலயே தேயிலை காயவைக்கிற அடுப்பு" என்றார் றோலண்ட். "கொழுந்து வாட்டுற மாடிக்குத் தூக்கிட்டு வாங்க. அங்க ஜில்லுன்னு இருக்கும்."

அந்தத் தொட்டியில் பரப்பியிருந்த பச்சைக் கொழுந்தின் மேல் பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்தினான். அவ்வளவுதான், அதற்கு உயிர் வந்துவிட்டது. ஒரு முக்கல் முனகல் இல்லாமல் மறுநாள் மத்தியானத்துக்குள் கணக்கை முடித்துக் கொடுத்தது.

திரை முழுக்க நீலம். நீலம் என்றால் காற்று செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம்.

சேதி கேட்டுப் பெரிய துரை மாடியேறி வந்தார். அவருக்கும் அந்த விசிறி மேல் வெகுநாளாகவே சந்தேகம்.

"கொஞ்சங்கூட காத்து இல்லையா?"

"பேருக்குக்கூட இல்ல சார். சும்மா சுத்துது."

துரைக்கு இது போதுமாக இருந்தது. படபடத்த ஆர்டர் தாளை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். கையெழுத்தைத் தொடங்கப் போனவர், எதையோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அது சரி, இத ஏன் கொழுந்து மேல படுக்கப் போட்டிருக்கீங்க?"

வேலை தப்பிய சந்தோஷத்தில் விஜிதரனுக்கு வாயெல்லாம் பல்.

"இங்கதான் சார் காத்து பிச்சுக்கிட்டு வருது."