சிவப்பு வந்தால் மேல் வீடு

"எல்லாரும் வாங்க! கையும் களவுமாப் பிடிச்சாச்சு!"

சங்கச் செக்ரட்டரி போட்ட சத்தத்தில், காலை எட்டு மணிக்கு மொத்தக் குடியிருப்பும் அவர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. டெய்லர் அக்கா கழுத்தில் தொங்கிய அளவு டேப்போடு ஓடி வந்தார். ரிட்டயர்டு வாத்தியார் எதற்கும் இருக்கட்டும் என்று கைத்தடியை ஓங்கிப் பிடித்திருந்தார்.

"எங்க சார் திருடன்?"

"திருடன் இல்ல சார், திருடி. உள்ள வாங்க, காட்டுறேன்."

படுக்கையறையில் ஆள் யாரும் இல்லை. சுவர்தான் இருந்தது. ஆறு மாதமாக ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்த அந்தச் சுவரின் நடுவில், ஒரு தட்டு அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று கறை.

"வந்துடுச்சா!" என்றார் வாத்தியார், தடியை இறக்கியபடி.

எல்லாரும் எதிர்பார்த்ததுதான். கசிவுக்குக் காரணம் மேல் வீட்டில் தனியாக இருக்கும் நர்ஸின் குளியலறை என்று செக்ரட்டரி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அந்த அம்மாளும் ஒரு முறை தரையைப் பெயர்த்து டைல்ஸ் மாற்றிப் பார்த்துவிட்டார். இருபது நாள் டெய்லர் அக்கா வீட்டில் குளித்துவிட்டு வேலைக்குப் போனதுதான் மிச்சம்.

ஓதமும் நகரவில்லை, செக்ரட்டரியும் நகரவில்லை. படிக்கட்டுப் பலகையில் முதலில் 'வேண்டுகோள்' ஒட்டினார். பிறகு 'எச்சரிக்கை', 'இறுதி எச்சரிக்கை'. அதற்கு மேல் வார்த்தை கிடைக்காமல் 'மிக இறுதி எச்சரிக்கை'. எல்லாவற்றிலும் சிவப்பு மையில் இரட்டை அடிக்கோடு. நடுநடுவே தம் சுவருக்கு மூன்று முறை பெயிண்டும் அடித்துக்கொண்டார்.

கடைசியில் சங்கத்தில் எல்லாருமாகச் சேர்ந்து, கசிவு கண்டுபிடிக்கும் ஆள் ஒருவரை வரவழைத்தார்கள். நேற்று மதியம் வந்த அவர் சுவரை விரல் முட்டியால் தட்டினார், மோந்து பார்த்தார், ஒரு கருவியை வைத்து அளந்தார்.

"ஓதத்து மேல பெயிண்ட் அடிச்சா மறையும் சார், காயாது. மழையில்லாத மாசத்துலயும் ஈரம் இருக்குன்னா, தண்ணி தினமும் வருதுன்னு அர்த்தம். இந்தச் சுவத்துக்குப் பக்கத்துல ரெண்டு குளியலறை. ஒண்ணு மேல் வீட்டோடது. இன்னொண்ணு உங்களோடது."

பையிலிருந்து இரண்டு சாயப் பொட்டலங்களை எடுத்தார்.

"ஒரு வாளித் தண்ணியில கரைச்சு, வடிகால்ல ஊத்தணும். காலையில சுவத்துல சிவப்பு வந்தா மேல் வீடு. நீலம் வந்தா இந்த வீடு."

"எங்க வீட்டுக்கு எதுக்குங்க? நான் செக்ரட்டரி."

"தண்ணிக்கு அது தெரியாதுங்களே."

நீலத்தைச் செக்ரட்டரியின் மனைவியிடமும், சிவப்பை நர்ஸிடமும் கொடுத்துவிட்டு அவர் போனார். சிவப்பு வந்தால் நர்ஸ் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று செக்ரட்டரி அந்த இடத்திலேயே தீர்மானம் எழுதிவிட்டார். பக்கத்தில் வேறு வீடு கிடைக்காது என்று தெரிந்தும், நர்ஸ் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இப்போது டெய்லர் அக்கா சுவரை நெருங்கி உற்றுப் பார்த்தார். நூலுக்கும் துணிக்கும் நிறம் பொருத்தியே பழகிய கண்.

"சிவப்பா இது? ஓரமெல்லாம் ஊதாவால்ல தெரியுது?"

"டியூப் லைட் வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும். இது உங்க ஜாக்கெட் துணி இல்லம்மா, சுவர்!"

டெய்லர் அக்கா கழுத்து டேப்பைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"நேத்து ராத்திரி பூரா மேல தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. என் ரெண்டு காதாலயும் கேட்டேன்," என்றார் செக்ரட்டரி.

கசிவுக்காரர் வந்து சேர்ந்தார். கறையைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, நீலத்தை ஊத்தினீங்களா?" என்று கேட்டார்.

"நேத்து சாயந்தரமே ஊத்திட்டேன்." குரல்தான் வந்தது, ஆள் வரவில்லை.

"பாத்தீங்களா! எங்க வீட்டுல நேர்மையா ஊத்தியாச்சு. நீலம் வந்துச்சா? வரலையே!" செக்ரட்டரி தொண்டையைச் செருமிக்கொண்டு, சிவப்பு மை அப்பிய விரல்களால் தீர்மானத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

பாதி படித்திருப்பார், வாசலில் நர்ஸ் வந்து நின்றார். கசங்கிய யூனிபார்ம், தோளில் கைப்பை, தூக்கம் சொக்கும் கண்கள்.

"வாங்கம்மா வாங்க. உங்க கலர் எங்க சுவத்துல எவ்வளவு அழகா மலர்ந்திருக்கு பாருங்க. எப்பக் காலி பண்றீங்க?"

நர்ஸ் உள்ளே வந்து அந்தச் சிவப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்து டெய்லர் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸோ கையை மெல்ல விடுவித்து, கைப்பையைத் திறந்து எதையோ துழாவி எடுத்து, கசிவுக்காரரிடம் நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. நேத்து நீங்க குடுத்ததும் அவசரமா டியூட்டிக்குக் கூப்பிட்டுட்டாங்க. இப்பத்தான் திரும்பி வர்றேன். பொட்டலத்தை இன்னும் பிரிக்கவே இல்ல."